ஒழிவாக்கிக்கோ என்றால் ஒழிப்பது அல்ல

என் மனைவி கலாமணிக்கு என்ன வேலை என்று மலையாள எல்லையோரம் இருக்கிற எங்கள் சித்தூரில் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கேட்பார்கள், பதிலை முழுசாகக் கேட்க மாட்டார்கள். "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறாளாமா" என்று அவர்களே முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தேங்காய் லோடு ஓட்டுகிற எனக்கே விளங்கியது இவர்களுக்கு விளங்காதா என்ன?

நீங்களாவது கேளுங்கள். போனில் நாம் அனுப்பும் செய்தியை நடுவில் யாரும் படித்துவிடாமல் பூட்டுகிற நிரல்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பூட்டு நிரல்களின் தொகுப்பு ஒன்றைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். வேகமாக ஓடவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வகை ப்ராசஸருக்கும் அதற்கே புரிகிற மொழியில் தனித்தனியாக எழுதிய பகுதிகள் அதில் உண்டு. பல வருடங்களாக ஆளாளுக்கு வெட்டி, ஒட்டி, அது சந்தை கலைந்த மைதானம் மாதிரி கிடந்தது. சித்தூர் காலேஜில் கணக்குப் படித்துவிட்டு, கொச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிற என் கலாமணி அதைச் சுத்தம் பண்ண இறங்கினாள்.

தொகுப்பின் தலைமையில் இருந்தவர் ஹன்னா என்கிற வெளிநாட்டு அம்மாள். புதிய பதிப்பு பழுதில்லாமல் வெளிவந்தால் அந்தப் பகுதியின் பொறுப்பு முழுக்கக் கலாமணிக்கு என்று அவர் எழுதியிருந்தார். ஏதாவது உடைந்தால் அவள் செய்த அத்தனையும் திரும்ப எடுக்கப்படும். அந்தப் பொறுப்புக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

அவளோடு வேலை செய்கிற ஜோபி கொச்சிக்காரன். ஒருநாள் போனில், "ஆ பழைய ஃபைல் ஒழிவாக்கிக்கோ சேச்சீ" என்றான். அதைத் தொடவேண்டாம், அதை மட்டும் விட்டுவிடு என்பதுதான் அவன் சொன்ன மலையாளம். கலாமணிக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். ஆனால் வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் கேட்கிற காதுக்கு 'ஒழி' என்றால் ஒழித்துக்கட்டுவதுதானே? ஃபைலையே அழித்துவிட்டாள். சோதனைகள் எல்லாம் தேறின. ஹன்னாவும் சரி என்றார். வெள்ளோட்டப் பதிப்பு வெளியே போயும் விட்டது.

பிறகு பழைய மலிவுப் போன் ஒன்றில் வேகத்தை அளந்து பார்த்தவள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னாச்சு புள்ள?"

"பூட்டு சரியாத்தானுங்க பூட்டுது. ஆனா சாவிக்குத் தகுந்தாப்புல நேரம் கூடுது, கொறையுதுங்க. அந்த நேரத்த அளந்தே ஒருத்தன் சாவியக் கண்டுபுடிச்சுருவானுங்க. நான் அழிச்ச ஃபைலுதான் இத்தன நாளா அதத் தடுத்துட்டு இருந்துது."

சோதனைகள் விடை சரியா என்று பார்க்குமே தவிர, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்க்காதாம். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

ஜோபி பதறிப்போய்க் கூப்பிட்டான். "ஆரும் அறிஞ்ஞில்லல்லோ சேச்சீ. மிண்டாதே திரிச்சு வெச்சால் மதி." யாருக்கும்தான் தெரியாதே, சத்தமில்லாமல் திரும்ப வைத்தால் போதுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் சொல்லித்தானே அழிச்ச? அவன் பேர எழுதிப் போடு" என்றேன்.

"அவன் சொன்னது சரிதானுங்க. அழிச்சது என்ற கையி" என்றாள். "பதிப்ப யாரு யாரெல்லாம் போன்ல எடுத்துப் போட்டுட்டாங்களோ. அவிங்களுக்குச் சொல்லோணுமில்லீங்க?"

ஃபைலை அழித்தது தானே என்றும், அதனால் எந்தெந்தப் போன்களுக்கு ஆபத்து என்றும் எல்லாருக்கும் எழுதி அனுப்பினாள். அந்தப் பதிப்பை உடனே கைவிடும்படி கேட்டுக்கொண்டாள். அப்புறம் பின்பக்கம் போய் அழுதாள். "போச்சுங்க, இனி அந்தப் பொறுப்ப எனக்குத் தர மாட்டாங்க" என்றாள். அழுகை நின்றதும் வந்து உட்கார்ந்து, அழித்த ஃபைலைப் பழைய குப்பை ஏதுமில்லாமல் புதிதாக எழுதத் தொடங்கினாள். நேரத்தை அளக்கிற சோதனை ஒன்றையும் சேர்த்தாள்.

ஹன்னாவின் பதில் வர நாளாயிற்று. வந்தபோது கலாமணி அதைத் தமிழில் எனக்குப் படித்துச் சொன்னாள். "நீங்க சொல்லலீன்னா எங்க யாருக்குமே தெரிஞ்சிருக்காது. இனிமே இந்தப் பகுதில யாரு கை வெச்சாலும், நீங்க சம்மதிச்சாத்தான் உள்ள போகும்னு எழுதியிருக்காங்க."

அப்படி அவள் சம்மதத்துக்கு வந்த முதல் திருத்தம் ஹன்னாவே எழுதியது. கலாமணி அதை ஓட்டிப் பார்த்தாள். நேரத்தை அளக்கும் சோதனையில் அது தேறவில்லை. தலைவி அம்மாளாயிற்றே, கொஞ்சம் விட்டுக்கொடுப்பாள் என்று நான் நினைத்தேன். காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்ததைத் திறந்தாள்.