ரப்பர் சப்பாத்துப் போட்ட அரசி

என் மகள் பாடுவதைக் கேட்க ஒருநாளும் வரமாட்டேன் என்று ஒரு கோபத்தில் சொன்னேன். சொன்ன சொல்லை ஆறு வருடங்கள் காப்பாற்றினேன். பிடிவாதக்காரன் என்ற பெயர் வீட்டில் எனக்குச் சும்மா வரவில்லை.

மருந்தாளர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, ஓகூஸ் நகரில் பாட்டுப் படிக்கப் போகிறேன் என்று அவள் வந்து நின்றபோது பிறந்த கோபம் அது. அவளும் என் மகள்தானே! நான் வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்து முடித்து, ஒபேராவில் கூட்டமாக நின்று பாடுகிறவர்களில் ஒருத்தியாக வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். என் மனைவி மட்டும் “கூட்டாளி வீட்டை போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுக் டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் கோல்டிங்கில் ரயிலேறிப் போய் அவள் பாடுவதைப் பார்த்துவிட்டு வருவாள். கூட்டாளி வீட்டுக்குப் போகிறவளுக்குப் பட்டுச்சேலை எதற்கு என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

போன இலையுதிர்காலத்தில் மகளே தொலைபேசி எடுத்தாள். எங்களோடு டேனிஷில் பேசிப் பழகியவள், அன்று தமிழில் தொடங்கினாள்.

“அப்பா, இந்தமுறை வாங்கோ. மற்றது ஒண்டும் பாக்க வேண்டாம். இதை மட்டும் வந்து பாருங்கோ.”

“ஏன் இதை மட்டும்?”

“வந்தால் விளங்கும்.”

ஆறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம். சரி என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான், பார்த்து முடிந்ததும் அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்ற பயம் பிடித்தது. நன்றாக இருந்தது என்று பொய் சொன்னால் அவள் கண்டுபிடிப்பாள். பிடிக்கவில்லை என்று சொன்னால், இன்னொரு ஆறு வருடம்.

நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கதையை வாசித்தேன். ஒபேரா என்பது பேச்சே இல்லாமல் பாட்டிலேயே நடக்கும் நாடகம். நமது கூத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளலாம். இது பழைய இத்தாலியக் கதை. கடலோர நாட்டு அரசன் போருக்குப் போகிறான். அரசியும் தோழிமாரும் கரையில் காத்திருந்து கப்பலுக்குப் பட்டுப் பாய் நெய்கிறார்கள். கடைசியில் கப்பல்கள் திரும்பி வருகின்றன. புத்தகத்தில் படங்களும் இருந்தன. மணிமுடி, முத்துமாலை, நிலத்தில் இழுபடும் அங்கி. எனக்குத் திருப்தியாக இருந்தது. கோல்டிங்கில் தவக்காலத்தில் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் போடும் நாடகத்துக்கு உடுப்புப் பொறுப்பு நான்தான். அரசன் என்றால் முடி வேண்டும், முடியென்றால் கல் வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு பொன்னாடையும் வாங்கினேன். எங்கள் கூத்தில் ஒரு பிள்ளை வேடம் கட்டி வந்து வரவுப் பாட்டு முடித்த கையோடு, சொந்தக்காரர் மேடையேறி மாலை போடுவார்கள், பொன்னாடை போர்ப்பார்கள். அதுவரைக்கும் கூத்து நிற்கும். சீறிக்கொண்டிருந்த அரசன் பல்லைக் காட்டிச் சிரித்து, மாலையை வாங்கிக்கொண்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து சீறுவான். மேடையில் நிற்கும் பிள்ளைக்குப் பெற்றவன் ஒன்றும் போடாமல் இருந்தால் அது பிள்ளைக்கு அவமானம்.

“அங்கை ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை. வீட்டிலை வச்சிட்டு வாங்கோ” என்றாள் மனைவி.

ஓம் என்று சொல்லிவிட்டு, மடித்துக் கோட்டுக்குள் வைத்தேன். அங்கே போனால், வாசலிலேயே கோட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டுமாம்! அவசரமாக அதை உருவிச் சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் திணித்தேன். திடீரென்று எனக்கு ஒரு தொந்தி வண்டி முளைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக் காட்சி. மகள் எடுத்துத் தந்த இரண்டு இருக்கைகளும் அடுத்தடுத்து இல்லை. மனைவி எனக்கு முன்வரிசையில் இருந்தாள். என் இடப்பக்கம் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி வில்லுப்பட்டி கட்டிய ஒரு டேனிஷ் முதியவர். வலப்பக்கம் தலையை ஒட்ட வெட்டிய ஓர் இளம்பெண். இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லி, வண்டியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

விளக்கு அணைந்து இசை தொடங்கியது. எங்களுக்குப் பின்னால் கதவு திறந்தது. வெள்ளை மேலங்கி, காலில் முழங்கால்வரை வெள்ளை ரப்பர் சப்பாத்து, தலையில் வலை போட்ட பெண்கள் வரிசையாக நடைபாதையால் இறங்கி வந்தார்கள். கட்டடம் துப்புரவு செய்ய வந்தவர்கள், நேரம் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர்கள் நேரே போய், மேடைக்குச் சாய்த்து வைத்திருந்த பலகைப் பாலத்தில் ஏறினார்கள். திரை விலகியது. உள்ளே இரும்பு மேசைகள், ஓடும் பட்டி, ஐஸ் பெட்டிகள். ஒரு மீன் தொழிற்சாலை. அரசி சிவப்பு ஏப்ரன் கட்டி நின்றாள். அவளுக்கும் ரப்பர் சப்பாத்துத்தான்.

இடமிருந்து மூன்றாவதாக என் மகள் நின்றாள், கையில் கத்தியுடன்.

நாட்டின் மேற்குக் கடற்கரையில், இதே மாதிரி ஒரு தொழிற்சாலையில் நானும் மனைவியும் பதினொரு வருடம் மீன் வெட்டினோம். நான் காலை முறை, அவள் மாலை முறை. அந்தத் தலைவலையை மகள் தலையில் ஒருநாளும் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் அதை நான் என் தலையில் போட்டேன். இப்போது அவள் அதைப் போட்டுக்கொண்டு, ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் நிற்கிறாள். இதற்கா என்னைக் கூப்பிட்டாள்? என்னைக் குத்திக் காட்டவா?

ஆனால் அவர்கள் பாடினார்கள். நாற்பது குரலில் அவள் குரலைப் பிரித்தெடுக்கப் பார்த்து முடியாமல் விட்டேன். கண்ணை மூடினால் கடற்கரையும் அரசியும். திறந்தால் ஐஸ் பெட்டியும் நீலக் கையுறையும். மூடித் திறந்து, மூடித் திறந்து, முதல் பாதி முடிந்தது. முன்வரிசையில் மனைவி அசையாமல் இருந்தாள்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் முதியவர் என் பக்கம் திரும்பினார்.

“இது அநியாயம் இல்லையா? நான் அரசியைப் பார்க்க வந்தேன். மீன் வெட்டுகிறவளைப் பார்க்க யாராவது ஒபேராவுக்கு வருவார்களா?”

முடி இருந்திருக்கத்தான் வேண்டும் என்றேன். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. சொன்ன மறுகணமே, மீன் வெட்டுகிறவளைப் பற்றி அவர் சொன்னது எனக்குச் சுட்டது.

இளம்பெண் என் மடிக்கு மேலால் எட்டி அவருக்குப் பதில் சொன்னாள். “இன்றைக்கு அரசிகளை யார் நம்புகிறார்கள்? காத்திருக்கிற பெண்கள் இப்போது இப்படியான இடங்களில்தான் இருக்கிறார்கள். இதுதான் உண்மை.”

அவளோடும் ஒத்துப்போக நினைத்தேன். மீன் வேலை செய்கிறவர்களைக் காட்டில் கண்டுபிடித்த அபூர்வப் பிராணிகள் மாதிரி அவள் பேசிக்கொண்டே போனதில் அதுவும் முடியவில்லை. மேடையில் இருந்த மீன்கள் பிளாஸ்டிக். அங்கே குளிர் இல்லை, நாற்றம் இல்லை, காதைப் பிளக்கும் இயந்திரம் இல்லை. அந்த இரைச்சலில் பாட்டு வேறா!

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் கேட்டார்கள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று எப்படி டேனிஷில் சொல்வது? கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

கடைசிக் காட்சியில்தான் எல்லாம் வெடித்தது. புத்தகத்தின்படி கப்பல்கள் திரும்பி வரும் இடம். யாரும் பாடாமல் வாத்தியங்கள் மட்டும் நீளமாக ஒலிக்கும். இங்கே கப்பலும் இல்லை, பாயும் இல்லை. வேலை முடிந்த சங்கு ஊதியது. பெண்கள் கையுறையைக் கழற்றி, நீண்ட இரும்புத் தொட்டியில் கை கழுவினார்கள். பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார்கள். பிறகு ஈரக்கையை இரும்புக் குழாயில் உரசினார்கள். விரல்களை முகர்ந்து பார்த்தார்கள். மறுபடியும் எலுமிச்சை, மறுபடியும் குழாய், மறுபடியும் முகர்தல். தொட்டிக்கு அப்பால் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள் கொளுக்கிகளில் சின்னச் சின்ன மழைக்கோட்டுகள் தொங்கின. பாலர் பாடசாலையில் தொங்குமே, அப்படி.



அது என்னுடையது. ஒரு பிற்பகல் வேலை முடிந்து மகளைக் கூட்டிவரப் பாலர் பாடசாலைக்குப் போனபோது, ஒரு பிள்ளை மூக்கைப் பொத்தியது. அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் பொத்தின. நாலு வயது மகள் தன் மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றாள். அன்றிலிருந்து நான் முதலில் வீட்டுக்குப் போய், குளியலறையில் மீன் நாற்றம் போகும்வரை எலுமிச்சையும் இரும்புக் குழாயுமாக அரை மணி நேரம் கையோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் அவளை எடுக்கப் போவேன். மனைவிக்குக்கூட அதைச் சொன்னதில்லை. இந்த ஊர் பேர் தெரியாத இயக்குநருக்கு யார் சொன்னார்கள்? வீடு புகுந்து திருடியது மாதிரி இருந்தது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எது முன்னால் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“போதும், கப்பலைக் காட்டுங்கள்!” என்று மேல்மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். “வாயை மூடுங்கள்” என்று இன்னொருவர். இசை நின்றதும் மண்டபம் இரண்டாகப் பிளந்தது. முதியவர் எழுந்து, கையை வாயருகே குவித்து ‘ஊ’ என்று கத்தினார். இளம்பெண்ணும் எழுந்து ‘பிராவோ’ என்று கத்தினாள். இரண்டும் என் தலைக்கு மேலால் போயின.

பாடகர்கள் வரிசையாக வந்து குனிந்து வணங்கினார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் நடுவில் வந்ததும் ஊளை இரட்டிப்பானது. அவர்தான் இயக்குநர் என்றும் ஊளை அவருக்கு மட்டும்தான் என்றும் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இடமிருந்து மூன்றாவதாக என் பிள்ளை நிற்கிறாள், சனம் அவளைப் பார்த்து ஊளையிடுகிறது என்பதுதான்.

எழுந்தேன். மனைவி திரும்பிப் பார்த்து, “இருங்கோ! இருங்கோ எண்டுறன்!” என்று பல்லைக் கடித்தாள். நான் நடைபாதைக்கு வந்து, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பொன்னாடையை உருவிக்கொண்டு பலகைப் பாலத்தில் ஏறினேன்.

மண்டபம் ஒரு கணம் அமைதியானது. பிறகு ஊளையும் கூடியது, பிராவோவும் கூடியது. இயக்குநர் கடைசியாக ஒளித்து வைத்திருந்த வேலை இது என்று நினைத்துவிட்டார்கள்! நான் நேரே போய், வெள்ளை மேலங்கிக்கு மேலால் என் மகளுக்குப் பொன்னாடையைப் போர்த்தினேன். அவள் கண் இரண்டும் பிதுங்க, “என்ன செய்கிறீர்கள் அப்பா?” என்று டேனிஷில் கிசுகிசுத்தாள். எனக்கும் அது சரியாகத் தெரியவில்லை. இயக்குநர் என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். வேறு வழியில்லாமல் நானும் கைகூப்பினேன்.

இருக்கைக்குத் திரும்பியபோது, முதியவர் துரோகியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“நீங்களும் அவர்களுடைய ஆள்தானா?”

“அவள் என் மகள்” என்றேன்.

அவர் வில்லுப்பட்டியைத் தொட்டுச் சரிசெய்தார். பிறகு, “நன்றாகப் பாடினார்கள். ஆனால் அந்தக் கை கழுவுகிற இடம் எனக்கு விளங்கவேயில்லை” என்றார். நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளிமண்டபத்துக்கு நடந்தேன்.

மகள் வெளிமண்டபத்துக்கு வர நேரமெடுத்தது. உடுப்பு மாற்றிவிட்டாள். பொன்னாடையைக் கழற்றவில்லை. தோளில் கிடந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். நான் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்த நேரம்.

“சொல்லுங்கோ அப்பா. நல்லதோ, கூடாதோ?”

“அந்தக் கை கழுவுறது,” என்றேன். “அதை ஆர் அந்த மனுசனுக்குச் சொன்னது?”

“நான்தான்.” அவள் தமிழில் தொடங்கி, டேனிஷுக்குப் போய், திரும்பித் தமிழுக்கு வந்து சொன்னாள். “ஒத்திகையிலை அவர், மீன் பக்டறியை ஆரும் உள்ளுக்கை பாத்தனீங்களோ எண்டு கேட்டவர். நான் கை உயர்த்தினன். பிறகுதான் யோசிச்சன், நீங்கள் என்னை ஒருநாளும் உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போகேல்லை. எனக்குத் தெரிஞ்ச பக்டறி எங்கடை குளியலறைதான். சனிக்கிழமையிலை நீங்கள் வேலையாலை வந்தால் நான் வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பன். கதவை நீங்கள் முழுக்கச் சாத்துறேல்லை.”

மனைவி என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடம் கழித்து அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நல்லதோ கூடாதோ என்றால், அரசிக்கு முடி இருந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் காட்சியை இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். இரண்டும் எப்படி ஒரு மண்டைக்குள் இருக்கின்றன என்று கேட்டால் தெரியாது.

“எனக்கு விளங்கேல்லை பிள்ளை,” என்றேன். “உண்மையாய் எனக்கு விளங்கேல்லை.”

அவள் சிரித்தாள். பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கட்டிப்பிடிக்க ஓரடி முன்னால் வந்தாள். ஆறு வருடம். நான் கையை நீட்டப் போனேன். கை நீளவில்லை. அது தன்பாட்டில் மேலே எழும்பி என் மூக்கருகே போனது. அந்த வேலையை விட்டுப் பதினைந்து வருடமாகிறது.

அவள் அதைக் கண்டுவிட்டாள். என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“மணக்கேல்லை அப்பா” என்றாள்.