நாலு மணிக் கடல்

சுற்றுலாப் பேருந்தில் அவளை எல்லோரும் கொடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மஞ்சள் துணி கட்டிய குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பது பேருக்கு முன்னால் நடப்பவள் என்பதால் வந்த பெயர். இருபத்தாறு வயதில் பிடித்த குச்சி. பிடிக்கச் சொன்னவர் அக்காவின் புருஷன். பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு அறை பிடித்துச் சுற்றுலா நிறுவனம் நடத்திவந்தவர். "வீட்டுல சும்மாதானே இருக்கே, வந்து நாலு பேருக்கு நாலு இடத்தைக் காட்டு" என்று அத்தான் சொன்னபோது அதை உதவி என்றே நினைத்தாள். பதினெட்டு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த கடற்கரை நகரம்தான் அவர்களுடைய பிழைப்பு. அங்கே ஒரு நாளைக்குப் பதினோரு இடம் என்பது அத்தான் போட்ட சட்டம். கோட்டை, அரண்மனை, இரண்டு அருங்காட்சியகம், கல்லறை மண்டபம், கலங்கரை விளக்கம் என்று நோட்டீசில் வரிசை நீண்டால்தான் கூட்டம் வரும் என்பார். கடலுக்கு அந்த வரிசையில் இடமில்லை. சாலை கடலை ஒட்டியே ஓடும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு கோடையில், ஏழாவது இடத்தின் படிக்கட்டில் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள் ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தன. "இனிமே ராஜாவே நேர்ல வந்து கூப்பிட்டாலும் எழுந்திரிக்க மாட்டேம்மா. அந்தத் தண்ணியில காலை நனைக்கப் பத்து நிமிஷம் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

கொடியக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நாலு இடம் பாக்கி. "அடுத்த தடவை வரும்போது பாக்கலாம்மா."

"எனக்கு எழுபத்தொண்ணு நடக்குது. அடுத்த தடவையா?" என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

அந்தச் சிரிப்பு கொடியக்காவை என்னவோ செய்தது. அந்த வாரமே நீளமான நோட்டு ஒன்று வாங்கினாள். இரண்டு வருஷம் எழுதினாள். எந்த மண்டபத்தில் எத்தனை மணிக்கு மேல் வெயில் உள்ளே வரும், எத்தனையாவது சிலைக்கு முன்னால் ஆட்கள் கொட்டாவி விட ஆரம்பிக்கிறார்கள், மணலில் உட்கார வைத்து முந்தின நாளே கதையைச் சொல்லிவிட்டால் மறுநாள் கோட்டையை எப்படிக் கண் விரியப் பார்க்கிறார்கள் என்று எல்லாவற்றையும் குறித்தாள். காலையில் இரண்டே இடம், மதியம் தூக்கம், நாலு மணிக்குக் கடல். இரண்டு நாளைக்கு ஒரு முறை எங்கேயும் போகாத ஒரு நாள். துறைமுக ஆபீசில் நடையாய் நடந்து, கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் எழுதினாள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நாலு மணிக்குக் கடல் பொங்கிச் சாலையோரத் தடுப்புச் சுவர் வரைக்கும் வந்துவிடும், மணலே இருக்காது. அந்த நாட்களில் காலையில் கடல், சாயங்காலம் கோட்டை என்று மாற்ற வேண்டும்.

அத்தான் நோட்டைப் புரட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மணல்ல உக்காந்து எழுந்திரிக்க எவன் டிக்கெட் எடுப்பான்? போ, போய் வண்டியில ஏறு." நோட்டு மட்டும் அவர் மேஜையிலேயே தங்கியது. மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

அடுத்த பருவத்து நோட்டீசில் அவள் எழுதியது அத்தனையும் இருந்தது. வரிக்கு வரி. மேலே அத்தானின் படம். 'என் முப்பது வருட அனுபவத்தில் நான் கண்டறிந்த வழி.' கடைசிப் பக்கம் மட்டும் இல்லை. நீளமாக இருக்கிறதென்று வெட்டிவிட்டாராம். கூட்டம் அலைமோதியது. ஏஜெண்டுகள் சங்கத்தில் அவருக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் அவர் அவளைக் கைகாட்டி, "எங்க வீட்டுப் பொண்ணு, கொடி பிடிக்கிறவ" என்று சொல்லிவிட்டு, "தொண்டை வறண்டுபோச்சு, தண்ணி கொண்டாம்மா" என்றார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறு மாதம் அவளைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல், "கடற்கரை டூர்னா சின்ன வயசுப் பிள்ளைங்க நின்னாத்தான் எடுபடும். நீ கவுண்டர்ல இரு" என்றார். அவள் குச்சியை மூலையில் சாய்த்துவிட்டு வெளியே வந்தாள். "குடும்பத்துக்குள்ள விட்டுக்கொடுத்துப் போடி" என்றாள் அக்கா. கொடியக்கா மனசுக்குள் கறுவிக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த துணிக்கடையில் உட்கார்ந்து துண்டு மடிக்கும்போதும், சோற்றைப் பிசையும்போதும், பல் துலக்கும்போதும் அந்த ஒரே நினைப்பு. அந்த ஆள் நாலு பேருக்கு முன்னால் மூக்கறுபட்டு நிற்க வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பதினாலு மாதம் கழித்து அத்தானே போன் செய்தார். சங்கத்து ஏஜெண்டுகள் முப்பது பேர், பரிசு வாங்கிய டூரை மூன்று நாள் வந்து பார்க்கப்போகிறார்களாம். பிடித்துப்போனால் எல்லா ஊரிலிருந்தும் ஆள் அனுப்புவார்களாம். "புதுசா வந்ததுகளுக்கு ஒரு மண்ணும் தெரியல. சில நாள் மணலே இல்லன்னு வந்தவங்க திட்டிட்டுப் போறாங்களாம், ஏன்னு கேட்டா முழிக்குதுங்க. நீ வந்து கூட நின்னா எனக்குத் தைரியமா இருக்கும். பேசுறதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"வரேன் அத்தான். தேதி வெச்சாச்சா?"

"நீயே பாத்துச் சொல்லேன். உனக்குத்தான் அந்த ஊர் அத்துப்படி."

அவள் சுவர்க் காலண்டரின் முன் போய் நின்றாள். பௌர்ணமியைத் தேடிப் பிடித்தாள். விரலை அதன்மேல் வைத்தபடியே, "பதினாலு, பதினஞ்சு, பதினாறு. நல்ல நாளு" என்றாள்.

முதல் நாள் காலை அத்தான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். முப்பது பேரும் தலையாட்டினார்கள். மதியம் தூங்கி எழுந்து, தோளில் துண்டும் கையில் செருப்புமாக நாலு மணிக்கு இறங்கினார்கள். மணலைக் காணோம். கடல் சுவரில் மோதி ஆளுயரத்துக்கு எழும்பி, முன்னால் நின்ற அத்தானைக் கால்சட்டையோடு குளிப்பாட்டியது. டிரைவர் வண்டிக்குள் இருந்தபடியே கண்ணாடி வழியாகக் கொடியக்காவைப் பார்த்தார். அவருக்கும் விஷயம் தெரியும். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னைக்கு என்னவோ இப்படி. நாளைக்குச் சரியாயிடும்" என்றார் அத்தான்.

மறுநாளும் அதே கடல், அதே சுவர், அத்தானுக்கு அதே குளியல். ஏஜெண்டுகள் முணுமுணுத்தார்கள். பதறிப்போன அத்தான் பழைய புத்திக்குத் திரும்பினார். எல்லோரையும் வண்டியில் அடைத்து, இருட்டுவதற்குள் ஐந்து இடம் காட்டினார். கல்லறை மண்டபத்துப் படியில் குட்டைமுடி வைத்த ஏஜெண்டம்மா செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, இதுக்கா கேடயம் கொடுத்தோம்? எப்பதான் மணல் இருக்கும்? சொல்லுங்க."

அத்தான் கொடியக்காவின் பக்கம் திரும்பினார். "கொடி, சொல்லேன்" என்றார்.

"திட்டம் சாரோடது. முப்பது வருஷ அனுபவம். அவரைத்தான் கேக்கணும்." இந்த வாக்கியத்தைப் பதினாலு மாதமாக மென்றுகொண்டிருந்தவள். வெளியே துப்பும்போது நாக்கு இனித்தது.

"கேட்டாச்சு. அவருக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

"நாளைக்குக் காலையில எட்டரையிலருந்து பதினொண்ணரை வரைக்கும் மணல் இருக்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோட்டை."

"எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

கொடியக்கா பையிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். "எழுதினது நான். இந்தப் பக்கத்தைக் காப்பியடிக்க மட்டும் சார் மறந்துட்டார்."

முப்பது பேரும் சூழ்ந்துகொண்டார்கள். நோட்டீசையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அத்தான் படியின் ஓரத்தில், ஈரம் காய்ந்து உப்புப் பூத்த கால்சட்டையோடு நின்றார். "குடும்பத்து மானத்தை வாங்கிட்டியே" என்றார் மெதுவாக. அவள் அவரை ஆற அமரப் பார்த்தாள். பரிதாபம் வருகிறதா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு மணல் அகலமாகக் கிடந்தது. அத்தான் முதல் பேருந்திலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

கேடயத்தைச் சங்கம் திருப்பி வாங்கிக்கொண்டது. குட்டைமுடி அம்மா அவளைத் தன் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். இப்போது டூர் திட்டம் போடுவது அவள்தான், கொடி பிடிப்பது வேறு ஆள். பெரியவர்கள் சிலர் அவள் செய்ததை அநியாயம் என்றார்கள். வீட்டு விஷயத்தைச் சபைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். மேடையில் நின்று தண்ணி கேட்டது எந்த வீட்டில் என்று திருப்பிக் கேட்டாள்.

அக்கா எட்டு மாதம் பேசவில்லை. ஒன்பதாவது மாதம், சொல்லாமல் கொள்ளாமல், அவளுடைய டூருக்குத் தனியாகச் சீட்டெடுத்து வந்து சேர்ந்தாள். சுற்றுலா நடத்துபவரின் பெண்டாட்டியாக முப்பது வருஷம் வாழ்ந்தவள், கடலில் இறங்கியது அதுதான் முதல் தடவை. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நின்றபடி, தங்கையைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ பண்ணது தப்புடி. அவர் இன்னும் சரியாச் சாப்பிடுறதில்லை."

"இருக்கட்டும்" என்றாள் கொடியக்கா.

அடுத்த அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. பிறகு அக்கா, "எத்தனை மணி வரைக்கும் இங்க இருக்கலாம்?" என்று கேட்டாள்.