நல்லதண்ணிக் கிணறு

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வானூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை. எழுபதுகளில் வந்த அந்தப் புயல் எங்கள் பக்கம் நாலைந்து புளியமரங்களைச் சாய்த்தது, இன்ஸ்டிடியூட்டின் ஓட்டுக்கூரையைப் பிரித்துப் போட்டது. அதையே பெரிய சேதம் என்று இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலை கடைத்தெருவில் ஒரு லாரி நின்றது. அரிசி மூட்டை, பழைய துணி, மண்வெட்டி, கடப்பாரை. கடலோரம் போகிறது, சுத்தம் பண்ண ஆள் வேண்டும் என்றார்கள். மெஷின்களெல்லாம் நனைந்து கிடந்ததால் எனக்கு வேலையில்லை. ஏறிவிட்டேன். நல்ல மனசு என்றெல்லாம் சொல்லமாட்டேன். புயல் அடித்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசைதான் பாதி.

பொம்மையார்பாளையம் தாண்டுகிற வரைக்கும் லாரியில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. பிறகு ஒவ்வொருத்தராகப் பேச்சை நிறுத்தினோம். தென்னைமரங்கள் வேரோடு சாயவில்லை. நடுவில் முறுக்கி ஒடிக்கப்பட்டிருந்தன. ரோட்டுக்கு நடுவே ஒரு கட்டுமரம் கிடந்தது. கடல் அங்கிருந்து கண்ணுக்கே தெரியவில்லை. இறங்கி எல்லோருமாகத் தள்ளி ஓரம் போட்டோம். மரக்காணம் பக்கத்து உப்பளங்களை நான் முன்பு பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாக வெள்ளைக் குவியல்கள், மேலே பனையோலை. இப்போது பாத்தியும் இல்லை, வரப்பும் இல்லை, ஒரே ஏரி.

“உப்பெல்லாம் எங்க?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“கரைஞ்சி போச்சிப்பா. மழையில உப்பு வேற என்னா ஆவும்?” என்றார்.

எங்களை அனுமந்தையில் இறக்கிவிட்டார்கள். மீனவக் குப்பத்தில் முழங்கால் உயரத்துக்குச் சுவர்கள் நின்றன. மற்றபடி மணல். ஜனங்கள் அவரவர் வீடு இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. ஒரு அம்மாள் இல்லாத வாசலை விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. யாருடைய வீட்டுக்குள் நிற்கிறேனோ!

அன்றைக்கு முழுக்க ஓலையும் மரமும் அகற்றினோம். மறுநாள் காலை ஊர்த் தலைவர் எங்களிடம் வந்தார். ஊருக்கு ஒரே ஒரு நல்லதண்ணிக் கிணறு. கடல் உள்ளே புகுந்து அதையும் மூடிவிட்டது. பெண்கள் இரண்டு மைல் நடந்து குடம் சுமந்தார்கள்.

“கெணத்துல எறங்கத் தெரிஞ்சவங்க யாருனா இருக்கீங்களா? கடல்னா எங்க பசங்க குதிச்சிடுவானுங்க. கெணறு எங்களுக்குப் பழக்கமில்ல” என்றார்.

நான் கையைத் தூக்கினேன். எங்கள் நிலத்துக் கிணற்றில் வருஷா வருஷம் தூர் எடுக்க இறங்கியவன் நான். இது என்ன, பதினைந்தடி ஆழம்தானே என்று நினைத்தேன்.

ராட்டினம் காற்றோடு போயிருந்தது. கயிற்றை ஆட்கள் கையாலேயே பிடித்தார்கள். மேலே நின்று அவர்களுக்குச் சத்தம் கொடுத்தது மீன் விற்கிற ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். வீடு, கூடை, தராசு எல்லாம் போய்விட்டன. குரல் மட்டும் போகவில்லை. “இழு, இழு, விட்றாத!” என்று அவர் போட்ட சத்தத்தில் மதியத்துக்குள் தண்ணீரை இடுப்பளவுக்கு இறைத்துவிட்டோம். அதன் பிறகு நான் இறங்கினேன்.

முதலில் ஓலையும் மட்டையும். பிறகு செத்த ஆடுகள் இரண்டு. நாற்றத்துக்குத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கூடையில் ஏற்றினேன். ஒரு மூலையில் வலை ஒன்று சுருண்டு கிடந்தது. இழுத்தேன், வரவில்லை. இன்னொரு ஆடு மாட்டியிருக்கிறது என்று நினைத்துக் கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டில் ஏதோ சுற்றியது. பாசி என்று நினைத்தேன். வெளியே எடுத்துப் பார்த்தேன். தலைமுடி. நீளமான தலைமுடி.

கத்தியிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். கத்தவில்லை. கையைக்கூட உதறவில்லை. அந்த முடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“என்னா தம்பி, என்னா மாட்டிக்கிச்சி?” மேலே இருந்து அக்கா.

“ஆளு” என்றேன்.

“என்னா?”

“ஒரு அம்மா இருக்காங்க.”

 மேலே இருந்து ஒரு போர்வையும் கத்தியும் இன்னொரு கயிறும் இறங்கின. வேறு யாரும் இறங்கவில்லை. நான்தான் வலையை அறுத்தேன், நான்தான் போர்வையில் சுற்றிக் கட்டினேன். மேலே இழுக்கும்போது சுவரில் இடிக்காமல் இருக்க, கை எட்டுகிற வரைக்கும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். முகத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

நான் மேலே ஏறி வந்தபோது ஊரே சுற்றி நின்றது. தலைவர் வீடு வீடாகப் பெண்களை எண்ணிவிட்டார். “நம்மூரு இல்ல” என்றார். இறந்தவரின் பாதங்களில் வெடிப்பு வெடிப்பாக உப்பு அரித்த தழும்பு. “உப்பளத்துல வேல செய்யிற பொண்ணு. காலப் பாரு” என்றார் ஒருவர். வலது முன்கையில் தேள் ஒன்றைப் பச்சை குத்தியிருந்தது. உப்பளம் அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல். அவ்வளவு தூரம் கடல் அவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

மீன்கார அக்கா ஆண்களை விலகிப் போகச் சொன்னார். “ஒரு கொடம் தண்ணி கொண்டாங்க” என்றார்.

“குடிக்கத்தான் இருக்குது அது” என்று யாரோ சொன்னார்கள்.

“தெரியும். கொண்டா.”

அந்த ஒரு குடத்தில் அவரைக் குளிப்பாட்டினார்கள். எங்கள் லாரியில் வந்த பழைய துணியில் பூப்போட்ட ஒரு நீலப் புடவை இருந்தது, அதைக் கட்டினார்கள். பனைமரங்களுக்குப் பக்கத்தில் நாங்கள் குழி வெட்டினோம். மணல் என்பதால் வெட்ட வெட்டச் சரிந்துகொண்டே இருந்தது.

மறுநாளும் இறைத்தோம். கிணற்றில் ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. மதியம் ஒரு ஆள் வந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது. வேட்டியெல்லாம் சேறு. கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமத்திலிருந்து நடந்தே வருகிறாராம், ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டு. நேராக என்னிடம்தான் வந்தார்.

“உப்பளத்துக்கு வேலைக்கு வந்த பொண்ணுப்பா. என் தங்கச்சி. கையில பச்ச குத்தியிருக்கும்.”

“தேளா?” என்றேன்.

கேட்டிருக்கக்கூடாது. வாயில் வந்துவிட்டது. அவர் அப்படியே கிணற்று மேடையில் உட்கார்ந்தார். அக்கா வந்து பனைமரத்தைக் காட்டினார். அவர் அந்தப் பக்கம் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. “புள்ள?” என்றார்.

“எந்தப் புள்ள?”

“நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு. இடுப்புலியே வச்சிக்கினு இருப்பா. அத்த உட்டுட்டு எங்கியும் போவ மாட்டாளே.”

எல்லோரும் கிணற்றைப் பார்த்தோம்.

என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை. நானே கயிற்றைக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் மார்பளவு ஏறியிருந்தது. மூழ்கி மூழ்கி, அடிச் சேற்றைக் கையாலும் காலாலும் தடவினேன். மெத்தென்று எது பட்டாலும் கையை இழுத்துக்கொண்டு, மறுபடி நீட்டிப் பார்த்தேன். ஒரு சொம்பு கிடைத்தது. ஒரு துண்டு ஓலை. வேறு ஒன்றுமில்லை. அரைமணி நேரம் தேடி, இல்லை என்று நிச்சயமான பிறகு மேலே வந்து, “உள்ள இல்ல” என்றேன்.

“மரக்காணத்துப் பக்கம் பள்ளிக்கூடத்துல உப்பளத்து ஜனங்கள தங்க வச்சிருக்காங்களாம். அங்க போயிப் பாருங்க” என்றார் அக்கா. அந்த ஆள் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அவர் தனியாகப் போவதைப் பார்க்க முடியவில்லை.

வழியெல்லாம் முழங்கால் தண்ணீர். பாதி தூரம் போனதும் அவரே சொன்னார்.

“புருஷன் உட்டுட்டுப் போயிட்டான். என் வூட்லதான் இருந்தா. எனக்கும் என் பொஞ்சாதிக்கும் தெனம் சண்ட. மழைக்கு முன்ன உப்பு மேல ஓல போட ஆள் எடுக்கறாங்க, பத்து நாள் போயிட்டு வாடின்னு நான்தான் அனுப்புனேன்.”

தண்ணீரில் காலை இழுத்து இழுத்து நடந்தோம். 

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்கு ஐம்பது பேர் இருந்தார்கள். மூன்றாவது அறையில் அவர் நின்றுவிட்டார். கரும்பலகைக்குக் கீழே, பெரிய ஆள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்குழந்தை சோறு தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் உப்பளத்து வேலைக்காரப் பெண் ஒருத்தி, பதினெட்டு வயதுகூட இருக்காது.

“தண்ணி வந்ததும் எல்லாம் குடோன் மேல ஏறிட்டோம்” என்றாள் அந்தப் பெண். “இதோட அம்மா கீழ இருந்து இத்தத் தூக்கிக் குடுத்தா. வாங்கிட்டேன். அடுத்து அவளுக்குக் கைய நீட்டுறதுக்குள்ள பெரிய அலை ஒண்ணு வந்துச்சி. அவ்ளோதாண்ணா.” சொல்லும்போதே தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள்.

அவர் “வாம்மா” என்று கையை நீட்டினார். குழந்தை அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கூப்பிடக் கூப்பிட வரவில்லை. கடைசியில் அவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, “நம்ம பசு கன்னு போட்டுச்சிடி” என்றார்.

முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. பிறகு, “இன்னா கலரு?” என்று கேட்டது.

“வெள்ள. நெத்தியில மட்டும் செவப்பு.”

குழந்தை மெதுவாக வெளியே வந்தது. “அம்மா வந்ததும் போலாம்” என்றது.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஈரப் புடவைகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பியபோது அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்திருந்தார். அது அழவில்லை. கன்றுக்குட்டிக்குக் கொம்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. திண்டிவனம் போகிற லாரி ஒன்றில் ஏறிப் போனார்கள்.

நான் அனுமந்தைக்குத் திரும்பி இன்னும் இரண்டு நாள் வேலை செய்தேன். கடைசி நாள் தலைவர் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பு கொஞ்சம் இருக்குது, போவப் போவச் சரியாயிடும்” என்றார். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். வேறு வழி என்ன இருக்கிறது அவர்களுக்கு? அக்கா ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு எனக்கு நீட்டினார். வாங்கினேன். வாய்வரைக்கும் கொண்டுபோக முடியவில்லை. 

அவர் கோபப்படவில்லை. சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “எறங்குனவன் நீ. உன்னால ஆவாது. வூட்டுக்குப் போயி குடி தம்பி” என்றார்.

வீட்டில் அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார், “அஞ்சு நாளா அங்க என்னாடா வேல?”

“கெணறு எறச்சோம்” என்றேன். அவர் ஊற்றி வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன்.