அறிவிப்புக்காரியின் குரல்

பழைய பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்வதுதான் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் அறிவிப்புக்காரி. சளி பிடித்தாலும் கணீரென்று கேட்கும் குரல். அவள் கணவன் நிலைய வாசலில் ஷேர் வேன் ஓட்டினான். வண்டி காலியாகக் கிடந்தாலும் "இன்னும் ஒரே சீட்டு, ஒரே சீட்டு!" என்று கூவுவான். அவன் பெயரே ஒரேசீட்டு என்றாகிவிட்டது. உள்ளே இவள் கத்த, வெளியே அவன் கத்த, குடும்பமே தொண்டையில்தான் பிழைக்கிறது என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள்.

பிறகு அரசின் புதிய கொள்கை வந்தது. பகிர்வுப் போக்குவரத்தை வளர்ப்போம், பேருந்தும் ரயிலும் வாடகை வண்டியும் கூடும் மையங்களைக் கட்டுவோம் என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், முன்பின் தெரியாதவர்களை முட்டியோடு முட்டி இடிக்க உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த ஷேர் வேன்காரர்களுக்கு அந்தக் கூரையின் கீழ் இடமில்லை. செல்போன் செயலியில் பதிவு செய்தால் வருகிற ஒரு நிறுவனத்தின் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. வேன்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் போய் நிற்க வேண்டுமாம். தலையெழுத்து என்றார்கள் சிலர். தலையில் யாரும் எழுதவில்லை. ஷேர் வேனில் ஒருநாளும் ஏறியிராதவர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதினார்கள்.

பழைய நிலையம் மையமாக மாறித் திறப்பதற்கு முன், அதன் அதிகாரி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இனி தினமும் மைக்கில் பேச வேண்டாம், ஒருமுறை பதிவு செய்தால் போதும், விசாரணை கவுன்டரில் நிரந்தர வேலை என்றார். இரைச்சல் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினார்கள். வியர்த்து வழிய, கொடுத்ததை வாசித்தாள். கடைசியாக வந்தது: "பயணிகள் கவனத்திற்கு. அங்கீகாரம் பெறாத ஷேர் வேன்களில் ஏறாதீர்கள். அவை பாதுகாப்பற்றவை."

பிரசவ வலியோடு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதே அப்படியொரு வேனில்தான். குரல் தடுமாறியது.

"இன்னும் கொஞ்சம் நம்பிக்கையா சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

நம்பிக்கையாகச் சொன்னாள். வீட்டில் மூச்சு விடவில்லை.

திறப்பு நாளன்று வேன்காரர்கள் மதிலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஒலிபெருக்கி பேசி முடித்ததும் ஒருவன் ஒரேசீட்டின் தோளில் தட்டினான்.

"அண்ணே, ‘வெளிய போ’ன்னு அண்ணி வீட்டுலதான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். ஊருக்கே சொல்றாங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டான்: "பாதுகாப்பில்லன்னு சொன்னப்ப என் முகம் ஞாபகம் வந்துச்சா?"

"எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன். நான் இல்லன்னா வேற ஒருத்தி படிச்சிருப்பா."

"வேற ஒருத்தி படிச்சிருந்தா வாய் நெறயத் திட்டியிருப்பேன். இப்ப யாரத் திட்டுறது?"

மறுநாளிலிருந்து அவன் கூவவில்லை. பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, யாராவது வந்தால் கதவைத் திறந்துவிடுவதோடு சரி.

கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேலே தன் குரல் ஒலிப்பதைக் கேட்டால் அவளுக்கு உடம்பு கூசியது. அதிகாரியிடம் போனாள்.

"அதுல என் குரல் வேண்டாம் சார். எடுத்துடுங்க."

"அதுக்கென்னம்மா, வேற பொண்ண வெச்சு அதையே சொல்லவெச்சிடலாம். உங்களுக்கும் சங்கடம் இருக்காது."

அவர் கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் அவளைச் சுட்டது. அந்தப் பொய் ஒலித்துக்கொண்டே இருக்கும். தன் முகத்தில் மட்டும் கரி ஒட்டாது. இதைத்தானா கேட்க வந்தோம்?

"அந்த வாக்கியத்தையே எடுங்க சார். அது பொய்."

"அது கொள்கைம்மா. அதுல நான் கைவைக்க முடியாது."

"அப்போ என் குரலே இருக்கட்டும். பேசினது நான்தானே."

சில நாள் கழித்து, காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண் கவுன்டருக்கு நொண்டி வந்தாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்டாள். கையிலிருந்தது பொத்தான் வைத்த பழைய போன். அதில் செயலி எங்கே ஓடும்?

"வெளிய போனா பாலத்தடியில வேன் நிக்கும்க்கா. நேரா ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கிவிடுவாங்க."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி ‘ஷேர் வேன்களில் ஏறாதீர்கள்’ என்றது. பெண் அண்ணாந்து பார்த்தாள். பிறகு அறிவிப்புக்காரியின் வாயைப் பார்த்தாள்.

"ஏம்மா, அதுவும் நீதானே பேசுற?"

"நான்தான்க்கா."

"அப்ப எத நம்புறது?"

அறிவிப்புக்காரிக்குக் காது மடல்வரை சூடேறியது. எழுந்து, கவுன்டரைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள். "என் தோளப் புடிச்சிக்குங்க" என்று சொல்லி, காவலாளி பார்க்கப் பார்க்க அந்தப் பெண்ணை நடத்திக் கூட்டிப் போனாள்.

பாலத்தடியில் முதலில் நின்றது ஒரேசீட்டின் வேன். உள்ளே ஒருவரும் இல்லை. அவன் மனைவியைப் பார்த்தான்; அவள் கழுத்தில் தொங்கிய மையத்தின் அடையாள அட்டையைப் பார்த்தான். கதவைத் திறந்து, அந்தப் பெண்ணிடம் சொன்னான்:

"ஏறுங்கக்கா. இன்னும் ஒரே சீட்டுதான் இருக்கு."

அந்தப் பெண் காலி வண்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அறிவிப்புக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் அவள் குரல் மறுபடி ஆரம்பித்திருந்தது, நம்பிக்கையாக.