தலையாட்டியது நானில்லை

பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்த அவளை எல்லோரும் ‘டைம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, ஓட்டியது யார், பிரேக் சரியில்லை என்று எந்த வண்டி மேல் புகார் வந்தது, எல்லாம் அவளுக்கு நுனிநாக்கில் இருக்கும். “அக்காகிட்ட பொய் சொல்லி லீவு வாங்க முடியாது. போன தடவை எந்த மாமாவைச் சாகடிச்சோம்னு ஞாபகம் வச்சிருப்பாங்க” என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள்.

வயிற்றுப் போக்கில் ரத்தம் வந்ததால் ஒருமுறை குடலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஐந்து மாதம் கழித்து மறுபடி ரத்தம் வந்தது. குழாய் விட்டுப் பார்த்த அதே டாக்டரிடம் போனாள்.

“அன்னிக்கே சொன்னேனே. சதை வளர்ந்திருக்கு, மூணு வாரத்துல வாங்கன்னு. அப்பவே வந்திருந்தா சின்ன வேலை.”

“எங்கிட்டயா? எப்போ?”

“டெஸ்ட் முடிஞ்ச உடனே. தலையாட்டினீங்க. காரம் சாப்பிடலாமான்னுகூடக் கேட்டீங்க.”

கையில் ஊசி போட்டது அவளுக்கு நினைவிருந்தது. அடுத்து, தம்பியோடு வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது. நடுவில் ஒன்றுமே இல்லை. புளுகுகிறார் என்று கத்த வாயெடுத்தாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் குறுக்கிட்டாள். “அவர் சொல்றது நிஜம்தாம்மா, நானும் இருந்தேன். அந்த ஊசி முழுசாத் தூங்க வைக்காது. பேசுவீங்க, பதில் சொல்லுவீங்க. மூளைதான் எதையும் பதிச்சுக்காது. பழசெல்லாம் அப்படியே இருக்கும், மருந்தோட வேகம் குறையுற வரைக்கும் புதுசா எதுவும் நிக்காது. நிறைய பேருக்கு அப்படித்தான்.”

பொய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“அது தெரிஞ்சுமா எங்கிட்ட சொன்னீங்க? என் தம்பி வெளியில குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தானே, அவனைக் கூப்பிட வாய் வரலையா? ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கக் கை வரலையா?”

“அன்னிக்கு இருபது பேஷண்ட்…”

“எங்கிட்ட இருநூறு வண்டி! போதையில வர்ற டிரைவர்கிட்ட ரூட்டைச் சொல்லி, தலையாட்டினான்னு சாவியக் குடுத்தா என்னைச் சும்மா விடுவாங்களா?”

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.

ஒரு சாண் குடலை வெட்டியெடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். தையல் காய்வதற்குள் மருத்துவமனை நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. இனிமேல் முடிவை எழுத்தில், கூட வந்தவர் முன்னால்தான் சொல்வார்களாம். வருத்தம் என்ற சொல் மட்டும் அதில் எங்கும் இல்லை.

“அதான் மாத்திட்டாங்கல்ல, விடுக்கா” என்றான் தம்பி.

“நீ விடுடா. என் உடம்பைப் பத்தி என் வாயே பேசியிருக்கு, நான் மட்டும் அங்க இல்லை. நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.”

நான்காவது கடிதத்துக்குத் தாளை எடுத்தாள்.