நேற்றைய கறிக்குழம்பு

ஷிப்ட் முடிந்து வந்த மகள் ஃபிரிட்ஜில் இருந்த கறிக்குழம்பை எடுத்தாள். பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மூடியைத் திறந்ததும் லேசாகப் புளித்த வாடை அடித்தது.

"கொதிக்க வச்சா சரியாப் பூடும்மா," என்றாள்.

1991இல் மண்ணூரில் என் அம்மாவும் அதையேதான் சொன்னாள். அப்போது எனக்குப் பத்து வயது, தங்கை செல்விக்கு ஐந்து. பக்கத்து வீட்டுக் காதுகுத்து விருந்தில் மிஞ்சிய கறிக்குழம்பை அம்மா தூக்குவாளியில் வாங்கி வைத்திருந்தாள். மறுநாள் மதியம் அதைக் கொதிக்க வைத்து, சோற்றில் ஊற்றி எங்களுக்குத் தந்துவிட்டு நடவுக்குப் போனாள்.

எனக்கு அந்த வாடை பிடிக்கவில்லை. என் தட்டைச் செல்வியிடம் தள்ளினேன்.

"எல்லாக் கறியும் எனக்கா?" என்று சிரித்தாள். இரண்டு தட்டும் காலியாயின.

சாயங்காலமே செல்விக்கு வாந்தியும் பேதியும் தொடங்கின. மறுநாள் காலை காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், அம்மா மடியிலேயே அவள் உடம்பு சில்லிட்டுப்போனது. நான் ஜன்னல் வழியே எருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

"நீயும்தான துன்ன? உனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று அம்மா கேட்டாள்.

"ஆவல," என்றேன்.

அதனால் அம்மா குழம்பைச் சந்தேகப்படவே இல்லை. விருந்துக்கு வந்த யாரோ கண்ணு வைத்துவிட்டதாகச் சாகும்வரை சொன்னாள்.

மகள் அடுப்பைப் பற்றவைத்தாள். நான் சட்டியை வாங்கிக் குழம்பைக் கொட்டினேன்.

"ஏம்மா கொட்ற?"

"அன்னிக்கு நான் துன்னவே இல்ல," என்றேன்.

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.