ஜப்பான் ஓட்டலில் இல்லாத விரதம்

நிர்மலா பிறந்தது, வாக்கப்பட்டது, வாழ்வது எல்லாமே திருத்தணியில் அரக்கோணம் சாலையை ஒட்டிய காலனியில்தான். அப்பா கிருஷ்ணன் திருவாலங்காடு பக்கம் கரும்பு வெட்டப் போனவர். மகளை அந்தத் தோட்டத்துக்குள் கால்வைக்க விடவில்லை. டிப்ளமோ முடித்ததும் அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில் சேர்ந்தாள். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிற வேலை. இன்றைக்கு ஓர் உற்பத்தி வரிசைக்கே அவள்தான் பொறுப்பு.

விடியுமுன் கம்பெனி பஸ் வரும். கனகம்மாசத்திரம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். நிர்மலாவும் கல்பனாவும் மட்டும் பேசிக்கொண்டே போவார்கள். கல்பனா அதே வரிசையில் வேலை பார்ப்பவள், நெசவாளர் தெருவுக்கு மருமகளாக வந்தவள். அவள் கணவன் விஜயராகவன் வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறான். பத்து வருடமாக இரண்டு பெண்களும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒருத்திக்குத் தலைவலி என்றால் மற்றவள் பையில் மாத்திரை இருக்கும்.

ஜப்பான் ஓட்டலைக் கண்டுபிடித்தது கல்பனாதான். கம்பெனியிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஜப்பான் அதிகாரிகளை நம்பித் திறந்த கடை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாம் சென்னைக்குப் போய்விடுவதால், அன்று மட்டும் பிரியாணிக் கடை விலைக்கே மதியச் சாப்பாடு போட்டார்கள். உள்ளே சமையல்காரர் பரந்தாமன், கனகம்மாசத்திரத்து ஆள். ஊர்க்காரர்கள் என்று தெரிந்ததும் கோழியை இரண்டு பங்காக அள்ளிப் போட்டார். மாதம் ஒரு ஞாயிறு இரண்டு குடும்பமும் பிள்ளைகளோடு அங்கே போவது வழக்கமாயிற்று.

முதல்நாள் மேசை நடுவில் ஒரு மண்சட்டியை வைத்து, அடியில் சின்ன அடுப்பை மூட்டினார்கள். கோழி, முட்டைக்கோஸ், காளான், சோயாப் பாலை உறைய வைத்த வெள்ளைக் கட்டி எல்லாம் ஒரே சாற்றில் கொதித்தன. சுற்றி உட்கார்ந்தவர்கள் அவரவர் குச்சியை விட்டு எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். விஜயராகவனுக்குக் குச்சி பிடிபடவில்லை.

“தறியில எத்தினி நூலு அறுந்தாலும் ஒட்டிடுவேன் சிஸ்டர். இந்தக் கோழி நிக்க மாட்டேங்குதே!”

“கோழிக்கு உயிரே இல்ல. உனக்குத்தான் கை நடுங்குது” என்றான் நிர்மலாவின் கணவன் தங்கவேல். எலக்ட்ரீஷியன், குச்சியை டெஸ்டர் போலப் பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

“நீ பேசாத மச்சான். அந்தக் காளான இப்டி தள்ளு.”

மச்சான்! நிர்மலாவின் கை அப்படியே நின்றது. காலனிக்காரனை நெசவாளர் தெருக்காரன் மச்சான் என்கிறான். போதாததற்கு, அவள் குச்சி பட்ட சட்டியில் அவன் குச்சி. எச்சில் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை தலைமுறையைத் தள்ளி நிறுத்திய ஊர் அது! டீக்கடைக்கு வெளியே தனி டம்ளரோடு நின்ற அப்பாவை அவள் சிறுவயதில் பார்த்திருக்கிறாள். இங்கே ஏழெட்டுக் குச்சிகள் ஒரு சாற்றுக்குள் போய்வருகின்றன, ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. அன்று வீடு திரும்பும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு வருடம் ஆடிக் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மலையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் காவடி, ரயிலில் தொங்கக்கூட இடமில்லை. “ஊரே நெரிசலா கீது, வாங்க ஓடிப்போயிடலாம்” என்று காரை எடுத்து வந்தவனே விஜயராகவன்தான். மாவுக்குள் கறி வைத்து அவித்த ஜப்பான் கொழுக்கட்டையை அன்றைக்கு இரண்டு தட்டு தின்றான். முருகனுக்குக் கோபம் வந்ததாகத் தகவல் இல்லை.

அதே விஜயராகவன் திருத்தணி மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால், “இன்னா தங்கவேலு, வேலைக்கா?” என்பான். மச்சான் இருக்காது. தங்கவேல் அதைச் சொல்லிச் சிரிப்பான். நிர்மலா சிரித்ததில்லை. பழக்கம் மாற நாளாகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

போன தையில் அவர்களுடைய தகர வீடு போய்க் கான்கிரீட் வீடு எழுந்தது. புதுமனைப் புகுவிழாவுக்குப் புரோகிதர் காலனிக்குள் வரமாட்டார்; வந்தாலும் நிர்மலா கூப்பிடப் போவதில்லை.

“பால் காய்ச்சறதுக்குப் பதிலா சட்டி வெப்போம். கல்பனா குடும்பமும் நாமளும் கூடத்துல சுத்தி உக்காந்து சாப்பிடணும். அவ்ளோதான் விசேஷம்.”

அவள் வேண்டியது அது ஒன்றுதான். பரந்தாமன் ஒரு டப்பாவில் சாற்றுக்கான சோயா விழுதைக் கொடுத்தனுப்பினார். மண்சட்டி வாங்கினாள், கரண்ட் அடுப்பு வாங்கினாள், முந்தின நாளே ஒருமுறை செய்து பார்த்தாள்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கல்பனாவும் விஜயராகவனும் வந்தார்கள். பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் வரவில்லை.

“பசங்களுக்கு டியூஷன்க்கா” என்றாள் கல்பனா தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஞாயித்துக்கெழமையா?”

“ஆங்... பரீட்ச வருதில்ல.”

வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். டைல்ஸ் நன்றாயிருக்கிறது என்றான் விஜயராகவன். சட்டி கொதித்தது. நிர்மலா ஆளுக்கொரு கிண்ணமும் குச்சியும் வைத்தாள். அவன் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழவில்லை.

“நாங்க விரதம் சிஸ்டர். தப்பா நெனச்சுக்காதீங்க.”

“இன்னிக்கு இன்னா விரதம்ணா?”

“கிருத்திக.”

“கிருத்திக புதன்கெழமையே போயிடிச்சே” என்றான் தங்கவேல். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. மலைக்கடைகளுக்கு விளக்குக் கட்டியதே அவன்தான், அதனால் தெரியும்.

“அது வேற. இது வீட்ல ஒரு வேண்டுதல்.”

தங்கவேலின் தம்பி போய்க் கடையில் குளிர்பானம் வாங்கிவந்தான். விஜயராகவன் மூடி திறக்காத பாட்டிலாகப் பார்த்து எடுத்து, தானே திறந்து, டம்ளரை விலக்கி, பாட்டிலைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டான். கல்பனா தன் பாட்டிலைத் திறக்கவே இல்லை. கால்மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

காலனிக்குள் வருகிற ஊர்க்காரர்கள் எல்லாரும் காலங்காலமாக விரதத்தில்தான் இருக்கிறார்கள். ஓட்டுக் கேட்க வருகிறவருக்கு வயிற்றுவலி; கல்யாணத்துக்கு வருகிற வாத்தியாருக்கு இப்போதுதான் சாப்பிட்டு வந்த ஏப்பம். சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு சாமியையோ ஒரு வியாதியையோ முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். நிர்மலாவுக்கு அது தெரியாததல்ல. இந்த இரண்டு பேர் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று நம்பியதுதான் அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவள் ஜாடையாக ஒன்றும் பேசவில்லை. நேராகவே கேட்டாள்.

“ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு தட்டு தின்ன ஆளுக்கு எங்க வீட்ல மட்டும் எங்கிருந்துடி வந்துது விரதம்?”

கல்பனா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். “எங்க மாமியார் ரஞ்சிதம் இருக்குதே, அது சும்மா விடாதுக்கா. ‘அங்க தின்னுட்டு என் அடுப்பாண்ட வராத’ன்னு வெளிய கெளம்பும்போதே கத்துது. இவரு வாய் தெறக்கல. நா அந்த வீட்ல வாழணுமே.”

“நா எங்க வாழறது?”

பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப்போட்டது. கல்பனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வர ஞாயிறு நா மட்டும் வரேன். அவரு வேணாம், யாரும் வேணாம். நீ சட்டி வை. நா சாப்பிடறேன்க்கா. சத்தியமா.”

அந்த வாரம் முழுக்க நிர்மலா அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோபப்பட்டது தப்போ என்றுகூட ஒருநாள் தோன்றியது.

கல்பனா வந்தாள். சொன்னபடியே தனியாக, ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை வாசலுக்கு வரும்வரை ஏற்றவில்லை. திருத்தணிக்குள் ஹெல்மெட் போடுகிற பெண்ணை நிர்மலா அன்றைக்குத்தான் பார்த்தாள். உள்ளே வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குச்சியைக் கையில் எடுத்தாள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

“அக்கா, கதவ சாத்திக்கலாமா?”

“ஏன்?”

“தவணைக்குப் புடவ விக்கிற எல்லப்பன் இந்தத் தெருவுக்கு வருவான். எங்க வீட்டுக்கு மூணாவது வீடு. அவன் கண்ணுல பட்டா மாமியாருக்கு முன்னால தெருவுக்கே தெரிஞ்சிடும். பத்து நிமிஷம்தான்க்கா.”

நிர்மலா கரண்டியோடு நின்றாள். போய் ஒரு தாழ்ப்பாளைத் தள்ள எவ்வளவு நேரமாகும்? தள்ளினால் தோழி சாப்பிடுவாள். ஒரு வாரமாக ஆசைப்பட்டது நடந்துவிடும்.

“சாத்த மாட்டேன் கல்பனா.”

“நா உன்கூட சாப்பிடத்தானேக்கா வந்தேன்?”

“ஒளிஞ்சி சாப்பிடறதுக்கு நா இன்னா சாராயமா காச்சி வெச்சிருக்கேன்?”

கல்பனாவின் முகம் சிறுத்துப்போயிற்று. கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்தாள். பிறகு, சமாதானமாகப் போய்விடலாம் என்கிற குரலில், “அடுத்த மாசம் அங்கயே போலாமேக்கா. அங்கன்னா நம்மள யாரும் பாக்க மாட்டாங்க” என்றாள்.

நிர்மலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ ஞாயிறுகள் அந்த மாடியில் உட்கார்ந்து சிரித்ததும், மச்சான் என்றதும், ஒரே சட்டியில் குச்சி விட்டதும் மனம் மாறியதால் அல்ல. ஊரிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளியிருந்ததால். அதுவும் சாத்திய கதவுதான். தனக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

“அங்க சாப்பாடு நல்லாத்தான் இருந்துது. நீ கெளம்பு. நாளைக்கு பஸ்ல பாக்கலாம்.”

கல்பனா வாசலில் ஸ்கூட்டரைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றாள். திரும்பி வருவாள் என்று நிர்மலா காத்திருந்தாள். அவள் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எதிர்வீட்டுப் புஷ்பலதா எட்டிப்பார்த்தாள். “இன்னாடி அது, துணி தொவைக்கிற மாதிரி ஒரு வாசன?”

“ஜப்பான் சாறுக்கா. உள்ள வா, சாப்பிடு.”

“அந்தக் குச்சியாலயா? எனக்குக் கை இருக்குது” என்று சொல்லிக்கொண்டே அவள் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து தங்கவேலும் பிள்ளைகளும் வந்து சுற்றி அமர்ந்தார்கள்.

“அடுத்த மாசம் ஜப்பான் ஓட்டலுக்குப் போறமாம்மா?” என்று கேட்டாள் சின்னவள்.

“போவோம். நாம போவோம்.”

காற்று அடித்ததில் புதுக்கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் போயிற்று. நிர்மலா எழுந்து வெளியே போனாள். வீடு கட்டியதில் மிஞ்சிய செங்கற்களில் ஒன்றைத் தூக்கிவந்து, கதவு அசையாதபடி அடியில் அண்டக்கொடுத்துவிட்டு, தன் கிண்ணத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பசிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டாள், தெருவைப் பார்த்தபடியே.